துணையை அழைப்பதற்குச் சம்பளம் மட்டும் போதுமா?

வெளிநாட்டில் நிரந்தர வதிவிட உரிமை பெற்ற ஒருவருக்குத் தமது மகளை மணம் முடித்துக் கொடுக்க விரும்பும் பெற்றோர், மாப்பிள்ளையின் சம்பளத்தையே முதலில் விசாரிக்கின்றனர். ஆனால், எல்லா நாடுகளிலும் சம்பளமே அளவுகோலன்று.

கனடாவில் வாழ்க்கைத்துணையை அழைப்பவர் குறைந்தபட்ச வருமானம் காட்டவேண்டும் என்ற நிபந்தனை பெரும்பாலும் இல்லை. எனினும், சமூக நலக் கொடுப்பனவில் வாழ்பவர், அது உடல் இயலாமைக்கானதாக இருந்தாலன்றி, அனுசரணை வழங்க முடியாது. துணைக்கு நிரந்தர வதிவிட உரிமை கிடைத்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்கு அவரது உணவு, உடை, உறையுளுக்கு அனுசரணையாளரே பொறுப்பு. இடையில் வேலை போனாலும், மணமுறிவு நேர்ந்தாலும் அப்பொறுப்பு நீங்காது. அக்காலத்தில் துணை பெறும் சமூக நலக் கொடுப்பனவை அனுசரணையாளரே அரசுக்குத் திருப்பிச் செலுத்த வேண்டும். ஆகையால், கொடுமைக்குள்ளாகும் மனைவி, கடன் தன்மீது விழுமென அஞ்சி உதவி கோராதிருக்க வேண்டியதில்லை.

பிரித்தானியாவின் வழி வேறு. அங்கு 2012 ஜூலையில் 18,600 பவுணாக நிர்ணயிக்கப்பட்ட ஆண்டு வருமான வரம்பு, 2024 ஏப்ரல் 11 ஆம் திகதி 29,000 பவுணாக உயர்த்தப்பட்டது. இவ்வரம்பின்படி, வருமானமின்றிச் சேமிப்பை மட்டும் காட்டுவதாயின் 88,500 பவுண் ஆறு மாதங்களேனும் கைவசம் இருந்திருத்தல் வேண்டும். கடன் வாங்கிய பணம் இதில் சேராது. எனவே, கணக்கில் பணம் காட்டித் தருவதாகக் கூறும் தரகர்களை நம்பி நகைகளை அடகு வைப்பது வீண்.

திருமணத்துக்கு நாள் குறிக்கும் முன், அந்தந்த நாட்டின் விதிகளை இரு குடும்பத்தாரும் நேரடியாக அறிந்துகொள்வதே பிற்காலத் துயரங்களைத் தவிர்க்கும்.