குடித்தனச் செலவில் முந்தியதும் பிந்தியதும்

விளைச்சலைப் பெருக்கும் வழிகள் இப்பத்திரிகையில் அடிக்கடி எழுதப்பட்டு வருகின்றன. விளைந்ததைக் கொண்டு வருஷம் முழுவதும் குடும்பம் நடத்தும் வகையைப்பற்றி இங்குச் சிறிது கூறுவோம்.

கம்பம் பள்ளத்தாக்கில் 1895-ம் வருஷம் முதல் பெரியாற்று நீர் பாய்கிறது. அங்கு நன்செய் உடையோர் இரு போகம் விளைவிக்கின்றனர். மயிலாடும்பாறைப் பகுதிக்கோ மூல வைகையும் மழையுமே ஆதாரம். ஆறும் கோடையில் வற்றிவிடும். மானாவாரிக் காட்டில் இலவ மரம் உடையோர்க்கு வருஷத்தில் ஒரு முறையே காய் கிடைக்கிறது. அந்த ஒரு வரவு பன்னிரண்டு மாதத்திற்கும் ஈடுகொடுக்க வேண்டும். கோடையில் தாராளமாய்ச் செலவிட்டு ஐப்பசியில் முடைப்படுவோர், மறு வருஷத்துக் காயை மரம் பூக்குமுன்பே முன்பணத்திற்கு விலை பேசிவிடுகின்றனர். பிறகு விலையை நிர்ணயிப்பவர் வியாபாரியேயன்றி மரத்துக்குடையவர் அல்லர்.

ஆதலின் பணம் வந்தவுடன் செலவுகளை வரிசைப்படுத்துதல் அவசியம். உதாரணமாக, இலவங்காயில் 60,000 ரூபாயும், தென்னையில் 48,000 ரூபாயும், கறவை மாட்டில் 12,000 ரூபாயும், ஆக 1,20,000 ரூபாய் ஒரு குடும்பத்திற்கு வருவதாகக் கொள்வோம். அதனைப் பின்வருமாறு பங்கிடலாம்:

1. உணவு - 42,000
2. எரு, கூலி முதலிய சாகுபடிச் செலவு - 30,000
3. கடன் தவணை - 18,000
4. படிப்பு, துணி, வைத்தியம் - 18,000
5. சேமிப்பு - 12,000

சாகுபடிச் செலவு உணவுக்கு அடுத்தபடியாக வைக்கப்பட்டிருப்பதைக் கவனிக்க வேண்டும். அதில் குறைத்தால் மறு வருஷத்து உணவே குறையும். கடன்களில், கூட்டுறவுச் சங்கத்துப் பயிர்க்கடனை முதலில் தீர்க்க வேண்டும். தவணை தவறாது செலுத்துவோர்க்கு அதன் வட்டியை அரசாங்கத்தார் ஏற்றுக்கொள்ளுகின்றனர். தவறினால் அச்சலுகை போய்விடும். அடுத்து, வட்டி மிகுந்த கடனை அடைக்க வேண்டும். மாதம் நூற்றுக்கு மூன்று வீதம் 10,000 ரூபாய்க்கு வருஷ வட்டி 3,600 ரூபாய் ஆகிறது. இத்தகைய கடன் சுமையினின்று குடியானவர்களைக் காக்கும் பொருட்டே 1904-ம் வருஷச் சட்டத்தால் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் தோன்றின.

மேற்கண்ட திட்டத்தில் காதுகுத்து, கலியாணம், திருவிழாவிற்கு இடமில்லை என்று சிலர் கேட்கலாம். அவை வேண்டாம் என்பது எமது கருத்தன்று. மொய் செய்யாமல் ஊரில் வாழ்தலும் அரிது. ஆனால் அச்செலவைச் சாகுபடிப் பங்கிலிருந்து எடுத்தல் ஆகாது. ஆட்டுக்குட்டி இரண்டு வளர்த்து அதற்கென ஒதுக்கலாம். அல்லது நல்ல மகசூல் கண்ட வருஷத்து மிகுதியைச் சேர்த்து வைக்கலாம். சேமிப்புப் பங்கு, மழை பொய்த்த வருஷத்திற்கும் திடீர் நோய்க்கும் உரியது.

சேமிப்புப் பணத்தை வீட்டில் வைத்தால் கரைந்துவிடும். தபால் ஆபீஸிலோ சங்கத்திலோ போட்டு வைத்தல் நலம். வரவு ஒரு பக்கமும் செலவு ஒரு பக்கமுமாக நோட்டுப் புஸ்தகத்தில் அன்றன்று குறித்து, மாதக் கடைசியில் வீட்டுப் பெண்களையும் வைத்துக்கொண்டு கூட்டிப் பார்க்க வேண்டும். வீட்டுச் செலவின் பெரும்பகுதி அவர்கள் கையினாலேயே நடைபெறுகிறது. காய் விற்ற பணம் கைக்கு வரும் நாளிலேயே இக்கணக்கைத் தொடங்குதல் உத்தமம்.