சுவரை உடைக்கும் முன் கல்நாரைத் தேடுங்கள்

கிழக்கு லண்டனின் செவன் கிங்ஸில் எங்காவது ஒரு வீட்டு வாசலில் ஸ்கிப் நிற்காத வாரம் அரிது. லாஃப்டை அறையாக்குகிறார்கள், சமையலறையைத் தோட்டத்துப் பக்கம் நீட்டுகிறார்கள், பழைய கராஜை இடிக்கிறார்கள். பில்டர் பெரும்பாலும் தெரிந்தவர். விலையும் வாய்ப்பேச்சிலேயே முடிந்திருக்கும். கவுன்சில் அனுமதி முதல் டைல்ஸின் நிறம் வரை பேசியவர்கள் ஒரு கேள்வியை மட்டும் விட்டுவிடுகிறார்கள்: உடைக்கப்போகும் இடத்தில் அஸ்பெஸ்டாஸ், அதாவது கல்நார், இருக்கிறதா?

பிரிட்டனில் கல்நார் சார்ந்த நோய்களால் இன்றும் ஆண்டுக்குச் சுமார் 5,000 பேர் இறக்கிறார்கள். அதன் இழைகள் கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லியவை, மணமற்றவை. நுரையீரலுக்குள் ஆழமாகப் போய்விட்டால் உடலால் அவற்றை முழுமையாக அகற்ற முடியாது. நுரையீரல் உறையைத் தாக்கும் மீசோதீலியோமா என்ற புற்றுநோய் பெரும்பாலும் 30, 40 ஆண்டுகள் கழித்தே தலைகாட்டும். புகைபிடிப்பவர் கல்நார்த் தூசையும் சுவாசித்தால் நுரையீரல் புற்றுநோய்க்கான ஆபத்து பலமடங்கு கூடும்.

பக்கத்து ஊரின் கதை

செவன் கிங்ஸுக்குத் தெற்கே சில கிலோமீட்டரில் இருக்கிறது பார்க்கிங். அங்கே ஹார்ட்ஸ் லேனில் கேப் நிறுவனத்தின் கல்நார்த் தொழிற்சாலை 1913 முதல் 1968 வரை இயங்கியது. 1965இல் மியூரியல் நியூஹவுஸ், ஹில்டா தாம்சன் என்ற இரு ஆய்வாளர்கள், லண்டன் மருத்துவமனையில் மீசோதீலியோமா உறுதியான 76 பேரின் வாழ்க்கை வரலாற்றைத் தேடித் தொகுத்து வெளியிட்டார்கள். 31 பேர் கல்நாரோடு வேலை செய்தவர்கள். 9 பேர் அந்த வேலையைச் செய்யாதவர்கள். வேலைக்குப் போனவர்களின் வீட்டார். கணவனின் தூசி படிந்த உடையைத் துவைத்த மனைவியர் அவர்களில் பலர். மற்ற 36 பேரில் 11 பேர் கல்நார்த் தொழிற்சாலைக்கு அரை மைல் தூரத்துக்குள் குடியிருந்தவர்கள்.

ஆபத்து தொழிலாளியோடு நிற்பதில்லை என்பதை உலகுக்குச் சொன்ன ஆய்வுகளில் இது முக்கியமானது. வேலை முடிந்து தூசி உடையோடு வீட்டுக்கு வந்து குழந்தையைத் தூக்கும் தமிழ்த் தச்சரும் எலக்ட்ரீஷியனும் இதை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும்.

நூறு வயது வீட்டிலும் இருக்கும்

"எங்கள் வீடு 1900ஆம் ஆண்டு கட்டியது, அப்போது ஏது அஸ்பெஸ்டாஸ்?" என்று சிலர் கேட்பதுண்டு. செவன் கிங்ஸின் செங்கல் வீடுகளில் பல அந்தக் காலத்தவைதான். ஆனால் அவை கட்டிய நாளில் இருந்ததுபோல் இன்று இல்லை. 1950களிலிருந்து 80கள் வரை நடந்த ஒவ்வொரு புதுப்பிப்பிலும் கல்நார் உள்ளே வந்திருக்கலாம்: கராஜின் நெளிந்த சிமென்ட் கூரை, கூரை விளிம்புப் பலகை, பாய்லரின் புகைக்குழாய், பழைய நீர்த்தொட்டி, தரை டைல், சுழி சுழியாக ஆர்டெக்ஸ் பூச்சு பூசிய உட்கூரை. நீலம், பழுப்பு வகைகளுக்கு 1985இலும் வெள்ளை வகைக்கு 1999இலும்தான் பிரிட்டனில் தடை வந்தது. ஆகவே 2000க்கு முந்தைய எந்தக் கட்டடத்தையும் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும்.

இலங்கையில் அஸ்பெஸ்டாஸ் சீட்டுக் கூரையின் கீழ் வளர்ந்தவர்களுக்கு இந்த எச்சரிக்கை மிகையாகத் தோன்றலாம். இலங்கை நீல வகையை 1987இல் தடை செய்தாலும் வெள்ளை வகை தொடர்ந்தது. அதையும் நிறுத்தும் திட்டம் 2017 டிசம்பரில் தடைப்பட்டது. ஒரு வண்டைக் காரணம் காட்டி ரஷ்யா இலங்கைத் தேயிலை இறக்குமதியை நிறுத்தியதும் கொழும்பு பின்வாங்கியது. கல்நாரை ஏற்றுமதி செய்யும் பெரிய நாடு ரஷ்யா. கூரை நீடித்ததற்குக் காரணம் வியாபாரம். கூரை பாதுகாப்பானது என்பதற்கு அது சான்றாகாது.

அதே சமயம் பதறவும் வேண்டாம். உடையாத, சிதையாத, யாரும் தொடாத கல்நார்ப் பொருளை அப்படியே விட்டுக் கண்காணிப்பதே பல நேரம் சரியான வழி. துளையிடுவதும் அறுப்பதும் சுரண்டுவதும் கராஜ் கூரையை அழுத்த நீரால் கழுவுவதும்தான் இழையைக் காற்றில் கலக்கும்.

எந்த சர்வே?

இங்குதான் பலர் ஏமாறுகிறார்கள். வீடு வாங்கும்போது செய்யும் சர்வேயில் கல்நார் மாதிரி எடுத்துச் சோதிப்பதில்லை. கல்நாருக்கென இரண்டு சர்வேக்கள் உண்டு. மேலாண்மை சர்வே, கட்டடம் அன்றாடம் புழங்கும்போது கைபடக்கூடிய இடங்களைப் பார்க்கும். புதுப்பிப்பு, இடிப்பு சர்வே அதைவிட ஆழமானது; வேலை நடக்கும் இடத்தில் சுவரைத் திறந்து, தரையைப் பெயர்த்துத் தேடும். லாஃப்ட் வேலைக்கு முதல் வகை அறிக்கையை நம்பி இறங்குவது பெரும் தவறு.

சர்வேயர் நீர் தெளித்துச் சிறு துண்டை எடுத்து, உறையிலிட்டு அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்புவார். பொருளின் வகை, சேதம், மேற்பூச்சு, கல்நாரின் வகை ஆகிய நான்குக்கும் மதிப்பெண் போட்டு 2 முதல் 12 வரை கூட்டுவார். 10 அல்லது அதற்கு மேல் என்றால் இழை வெளியேறும் வாய்ப்பு மிக அதிகம். அறிக்கையில் "நுழைய முடியவில்லை" என்று எழுதிய இடங்களைக் கவனமாகப் படிக்க வேண்டும். அங்கே கல்நார் உண்டு என்றே கொள்ள வேண்டும்.

சொந்த வீட்டில் குடியிருப்பவர் சர்வே செய்ய வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் ஆள் வைத்து வேலை செய்யும் பில்டர், கல்நார் இருக்கிறதா என்று அறியாமல் தொடங்கக் கூடாது.

கடை, கோயில், தமிழ்ப் பள்ளி

வீடல்லாத கட்டடங்களுக்குப் பொறுப்பு கடுமையானது. 2012ஆம் ஆண்டின் கல்நார்க் கட்டுப்பாட்டு விதிகளின்படி, பராமரிப்புப் பொறுப்பு யாரிடமோ அவரே கல்நாரைக் கண்டறிந்து, பதிவேடும் திட்டமும் வைத்து, வேலைக்கு வருபவருக்குக் காட்ட வேண்டும். அடுக்குமாடிகளின் பொதுப் படிக்கட்டுக்கும் இது பொருந்தும். செவன் கிங்ஸ் ஹை ரோட்டில் கடை வைத்திருப்பவர் தம் குத்தகைப் பத்திரத்தை எடுத்துப் பார்க்கட்டும். பொறுப்பு பலமுறை கடைக்காரர் தலையில்தான் இருக்கும். பழைய மண்டபங்களை வாங்கும் கோயில் நிர்வாகங்களும், வார இறுதித் தமிழ்ப் பள்ளிக்கு அறை எடுப்பவர்களும் அந்தப் பதிவேட்டைக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

உடைந்துவிட்டால்

வேலையை உடனே நிறுத்தி, எல்லாரும் வெளியேறி, கதவைச் சாத்த வேண்டும். துடைப்பமோ வீட்டு வேக்குவமோ போடக் கூடாது. தூசி படிந்த உடையைக் கழற்றிப் பையில் கட்டி வைக்க வேண்டும். வீட்டு மெஷினில் போடக் கூடாது. கழிவை ஸ்கிப்பில் கலக்கக் கூடாது. அது அபாயகரமான கழிவு. அகற்றும் வழியைச் செவன் கிங்ஸ் அடங்கிய ரெட்பிரிட்ஜ் கவுன்சிலிடம் கேட்கலாம். ஒருமுறை சிறிது சுவாசித்ததால் நோய் வரும் வாய்ப்பு மிகக் குறைவுதான். இருந்தும் நடந்ததையும் தேதியையும் குடும்ப மருத்துவரின் பதிவில் சேர்க்கச் சொல்வது நல்லது.

மீசோதீலியோமா உறுதியானவர்களுக்கு அரசின் உதவித் தொகை உண்டு. பிரிட்டனில் கல்நாரோடு தொடர்பு ஏற்பட்டிருந்தால், வேலை செய்யாமல் பிறர் உடையைத் துவைத்தவருக்கும் அது கிடைக்கலாம். நோய் உறுதியான 12 மாதங்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும்.