வென்றவர்கள் இருந்தும் ஆட்சி இல்லை



தேர்தல் முடிந்ததும் ஆட்சி அமைந்துவிடும் என்று நினைக்கிறோம். பெல்ஜியம் நாட்டு மக்களோ 541 நாட்கள் காத்திருந்தார்கள்.

2010 ஜூன் 13-ல் நடந்த தேர்தலில், மொத்தம் 150 இடங்களில், டச்சு மொழிப் பகுதியின் புதிய பிளெமிஷ் கூட்டணி 27 இடங்களையும், பிரெஞ்சு மொழிப் பகுதியின் சோசலிஸ்ட் கட்சி 26 இடங்களையும் பெற்றன. பெரும்பான்மைக்குத் தேவை 76. அங்கே பெரும்பாலான கட்சிகளே மொழிவாரியாகப் பிரிந்துள்ளன. எனவே விட்டுக்கொடுப்பவர் தம் வாக்காளர்களின் கோபத்திற்கு ஆளாக நேரிடும். பிரஸ்ஸல்சை உள்ளடக்கிய ஒரு தேர்தல் தொகுதியைப் பிரிப்பதா, மொழிப் பகுதிகளுக்கு எவ்வளவு அதிகாரமும் நிதியும் தருவது என்பவற்றில் பேச்சுவார்த்தை பலமுறை முறிந்தது. மன்னர் இரண்டாம் ஆல்பர்ட் சமரசம் பேச ஒருவர்பின் ஒருவராக நியமித்தார். காபந்து அரசு அன்றாடப் பணிகளைக் கவனித்தது. பெரிய சீர்திருத்தங்கள் காத்துக் கிடந்தன.

2011 நவம்பரில் நாட்டின் கடன் தரமதிப்பீடு குறைக்கப்பட்டது. மறுநாளே வரவுசெலவுத் திட்டத்தில் உடன்பாடு ஏற்பட்டது! டிசம்பர் 6-ல் எலியோ தி ரூப்போ தலைமையில் ஆறு கட்சிகளின் அரசு பதவியேற்றது. அதிக இடங்களை வென்ற கட்சி அதில் இல்லை.

எண்ணிக்கையைக் கூட்டுவது எளிது. நம்பிக்கையைக் கூட்டுவதே கடினம். இழப்பு வாசலுக்கு வந்த பிறகுதான் நாமும் விட்டுக்கொடுப்போமா? சிந்திப்போம்.