தூரிகை முனையில் வெள்ளி

ஃபிரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் 1851இல் வெளியிட்ட ஈரத்தட்டு முறையில் படம் எடுத்தவர்கள் போகுமிடமெல்லாம் இருட்டறையையும் கொண்டு போனார்கள். கண்ணாடியில் கொலோடியன் ஊற்றி, வெள்ளி நைட்ரேட்டில் முக்கி, ஈரம் காய்வதற்குள் படம் பிடித்துக் கழுவியும் முடிக்க வேண்டும். 1860களில் இமயமலை ஏறிய சாமுவேல் போர்னின் கூடாரத்தையும் கண்ணாடிகளையும் ரசாயனப் பெட்டிகளையும் சுமக்க ஆட்கள் வரிசையாகப் போனார்கள்.

அந்தச் சுமையை இறக்கியவர் ரிச்சர்ட் லீச் மாடக்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர். கொலோடியனின் ஈதர் நெடி அவர் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஜெலட்டினில் வெள்ளி புரோமைடைக் கலந்து பார்த்தார். 1871இல் செய்முறையை அச்சிட்டு எல்லோருக்கும் கொடுத்துவிட்டார். இன்று பாட்டிலில் வரும் திரவ எமல்ஷனுக்கு, அதாவது ஒளி உணரும் பூச்சுக்கு, அதுதான் மூலம்.

அதன்பின் பூச்சு வேலை ஆலைகளுக்குப் போய், கம்பெனி ரகசியமாகவும் ஆனது. ஆனால் அந்த ஆலைகளுக்கே ஒன்று புரியாமல் இருந்தது: ஒரு ஜெலட்டினில் ஃபிலிம் ஒளியை வேகமாகப் பதிக்கும், இன்னொன்றில் மந்தமாகிவிடும். கோடக்கின் சாமுவேல் ஷெப்பர்ட் 1920களில் காரணத்தைக் கண்டார். கடுகு எண்ணெயில் இருப்பது போன்ற கந்தகச் சேர்மம், துளியிலும் துளியாக, நல்ல ஜெலட்டினில் கலந்திருந்தது. மாட்டின் எலும்பிலும் தோலிலும் எடுப்பதுதானே ஜெலட்டின்! மாடு மேய்ந்த செடி வரை போகிறது ஒரு புகைப்படத்தின் வேர். எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு இது வியப்புதான்.

நம் ஊட்டியிலும் இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் ‘இந்து’ என்ற பெயரில் ஃபிலிமும் புரோமைடு தாளும் தயாரித்தது. ஸ்டூடியோக்காரர் உறையைப் பிரித்தால் போதும், தாள் தயார். அந்த ஆலை இன்று இல்லை.

அன்று கட்டாயமாக இருந்த கைப்பூச்சு வேலையை இன்று விரும்பிச் செய்பவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவின் ‘லிக்விட் லைட்’, செக் நாட்டின் ஃபோமா எமல்ஷன் எல்லாம் பாட்டிலுக்குள் கெட்டி ஜெல்லியாக உறைந்திருக்கும். இருட்டறையின் சிவப்பு விளக்கில், நாற்பது டிகிரிச் சூட்டு நீரில் பாட்டிலை நிறுத்தினால் பாலேட்டுப் பதத்துக்கு இளகும். குலுக்கக் கூடாது, நுரை எழுந்தால் படத்தில் ஓட்டை விழும். அகலத் தூரிகையால் ஒரு வாக்கில் பூசி, காய்ந்ததும் குறுக்கே இன்னொரு பூச்சு. பிறகு என்லார்ஜரின் கீழே வைத்து ஒளி காட்டி டெவலப்பரில் விட்டால், தூரிகை போன தடம் வரைதான் முகம் தெரியும். அதற்கப்பால் வெறும் தாள். துணி, மரம், கல் எதிலும் படம் போடலாம்.

நம் ஊர்ச் சூடுதான் எதிரி. கோடைக் குழாய்த் தண்ணீரில் ஜெலட்டின் ஊதி, ஓரத்திலிருந்து உரிந்து வந்துவிடும். ட்ரேயைச் சுற்றி ஐஸ் போட்டு 20 டிகிரியில் வைக்க வேண்டும். படத்தை நிலைக்கச் செய்யும் ஃபிக்ஸரில், ஜெலட்டினை இறுக்கும் ஹார்டனர் கலப்பது கட்டாயம்.

பழைய ஏக்கம் என்று இதைத் தள்ளுவோருடன் எனக்கு உடன்பாடில்லை. ஆலைப் பூச்சின் சீர்மை பெரிய சாதனை. எக்ஸ்ரேயும் சினிமாவும் அதில்தான் நின்றன. ஆனாலும் படம் என்பது ஒரு பூச்சு வெள்ளி என்பதைக் கையால் பூசிப் பார்த்தவரே முழுதாக உணர்கிறார்.

தொடங்க நினைப்பவர்கள் கனமான வாட்டர்கலர் தாளில் தொடங்குங்கள். கண்ணாடிக்கு அடிப்பூச்சு வேண்டும், அது அப்புறம். பயன்படுத்திய ஃபிக்ஸரைச் சாக்கடையில் கொட்டாதீர்கள். அதில் வெள்ளி கரைந்திருக்கிறது.