நெஞ்சம் காப்போம்

தமிழில் 'நெஞ்சு' என்னும் சொல் இரு பொருள் தரும். இதயம் துடிக்கும் மார்பும் நெஞ்சு. எண்ணி எண்ணி வருந்தும் உள்ளமும் நெஞ்சு. உடல் நோவையும் மன நோவையும் ஒரே சொல்லால் உணர்த்தினர் நம் முன்னோர். அவ்வழக்கில் ஓர் உண்மை பொதிந்துள்ளதை இன்றைய மருத்துவ அறிவியல் காட்டுகின்றது. இதயத்தைக் காக்க விரும்புவோர் உண்ணும் உணவை மட்டுமன்றி, உள்ளத்தின் நிலையையும் பேணுதல் வேண்டும்.

மாரடைப்பு எவ்வாறு நேர்கிறது?

மூடிய கையளவே உள்ள இதயம் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு இலட்சம் முறை துடிக்கின்றது. உடல் முழுமைக்கும் குருதியை அனுப்பும் அதற்கும் குருதி தேவை. அதனை வழங்குபவை இதயத் தமனிகள். இவற்றின் உட்சுவரில் கொழுப்பு சிறிது சிறிதாகப் படிகின்றது. அப்படிவு ஒருநாள் வெடிக்கும்போது அவ்விடத்தில் குருதி உறைந்து வழியை அடைத்துவிடுகின்றது. குருதி பெறாத இதயத் தசை மடியத் தொடங்குகின்றது. இதுவே மாரடைப்பு. தாக்குதல் நொடியில் நேர்ந்தாலும், அதற்கான படிவு இளமையிலேயே தொடங்கிவிடுகின்றது என்பதை மாணவர்கள் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

ஆய்வு கூறும் உண்மை

கேரளத்தில் பிறந்து கனடாவில் பணியாற்றிய மருத்துவ அறிஞர் சலீம் யூசுப் தலைமையில் 52 நாடுகளில் நிகழ்ந்த 'இன்டர்ஹார்ட்' ஆய்வின் முடிவுகள் 2004ஆம் ஆண்டு வெளியாயின. ஏறத்தாழ 30,000 பேர் அதில் இடம்பெற்றனர். புகைபிடித்தல், குருதிக் கொழுப்பு, உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, வயிற்றுப் பருமன், மன அழுத்தம், காய்கனிக் குறைவு, உடலுழைப்பின்மை முதலிய ஒன்பது கூறுகளே மாரடைப்பு ஆபத்தில் பத்தில் ஒன்பது பங்கிற்குக் காரணம் என அது கண்டது. இவற்றுட் பெரும்பாலானவை நம்மால் மாற்றத் தக்கவை.

அவ்வாய்வு நமக்கு ஓர் எச்சரிக்கையும் விடுத்தது. தெற்காசிய மக்களை முதல் மாரடைப்பு ஏறத்தாழ 53 வயதில் தாக்குகின்றது; ஏனைய நாட்டினரை ஏறத்தாழ 59 வயதில். மகளின் திருமணமும் மகனின் படிப்பும் முன்னிற்கும் வயதில் குடும்பத் தலைவர் சாய்வாராயின், அவ்வில்லத்தின் நிலை என்னாகும்?

உள்ளமும் இதயமும்

சினமோ அச்சமோ எழும்போது அட்ரினலின் என்னும் சுரப்பு பெருகுகின்றது, துடிப்பு விரைவுறுகின்றது, இரத்த அழுத்தம் உயர்கின்றது. சிறிது நேரத்தில் அடங்கின் தீங்கில்லை. கடன், பணிச்சுமை, தேர்வு அச்சம், இல்லப் பூசல் என நாள்தோறும் நீடிப்பின், உடல் ஓயாத போர்க்களமாகின்றது. ஓராண்டுக் காலம் இடையறாத மன அழுத்தத்தில் இருந்ததாகக் கூறியோரிடம் மாரடைப்பின் வாய்ப்பு ஏறத்தாழ இருமடங்காக இருந்ததை மேற்கண்ட ஆய்வு காட்டியது.

பெருந்துயரால் இதயத்தின் கீழறை திடீரெனத் தளர்ந்து உப்பும் நிலையை 1990ஆம் ஆண்டில் ஜப்பானிய மருத்துவர்கள் விவரித்தனர். ஆக்டோபஸ் பிடிக்கும் பானையை ஒத்த வடிவினால் அதற்குத் 'தக்கோட்சுபோ' எனப் பெயரிட்டனர். 'நெஞ்சு உடைந்து போனது' என்பது வெறும் உவமையன்று!

மனம் கலங்கியவர் பசியின்றியும் உண்கிறார், உறக்கம் இழக்கிறார், சிகரெட்டை நாடுகிறார். ஆகவே மனநலமும் உணவு நெறியும் ஒன்றையொன்று சார்ந்தவை. நாள்தோறும் அரைமணி விரைந்த நடை, ஏழு மணி நேர உறக்கம், சற்றே மெதுவாக மூச்சிழுத்துவிடும் பயிற்சி, மனச்சுமையை நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் சொல்லி ஆறுதல் ஆகியவை செலவில்லா மருந்துகள்.

உணவு நெறி

உப்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்கும் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்கு மேற்படாமல் இருத்தல் வேண்டும் என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் பரிந்துரை. ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவற்றில் மறைந்துள்ள உப்பும் இக்கணக்கில் அடங்கும். காய்கனிகள் நாளொன்றுக்கு 400 கிராம் தேவை. விலையுயர்ந்த ஆப்பிளைத் தேட வேண்டியதில்லை. முருங்கைக்கீரையும் கொய்யாவும் வாழைத்தண்டும் போதும். சோற்றைச் சற்றே குறைத்துக் கேழ்வரகு, கம்பு, பயறு வகைகளைச் சேர்க்கலாம். ஒரு கைப்பிடி நிலக்கடலையும், பொரிக்காமல் குழம்பிலிட்ட மத்தி மீனும் நல்லன. மீண்டும் மீண்டும் காய்ச்சிய எண்ணெயில் பொரித்தவற்றையும், இனிப்பு மிகுந்த பானங்களையும் தவிர்த்தல் நன்று. மருத்துவர் தந்த மருந்துகளை உட்கொள்வோர் உணவு நெறியை நம்பி அவற்றை நிறுத்தலாகாது.

இறுதியாக ஒன்று. நெஞ்சில் இறுக்கமும், இடக்கை அல்லது தாடை வரை பரவும் வலியும், வியர்வையும் தோன்றின், வாயுத் தொல்லை என எண்ணிச் சோடா குடித்துக் காலம் கழித்தல் கூடாது. உடனே 108 எண்ணை அழைத்து மருத்துவமனையை அடைதல் வேண்டும். தாமதிக்கும் ஒவ்வொரு நிமிடமும் இதயத் தசையை இழக்கின்றோம்.

இளமையில் பழகிய நடையும் உணவும் அமைதியும் முதுமையில் துணை நிற்கும். மாணவ நண்பர்களே, இன்றே தொடங்குங்கள்; இல்லத்தில் உங்களுக்காக உழைக்கும் பெற்றோரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். நெஞ்சம் காப்போம், நெடிது வாழ்வோம்!