முக்கால் பங்கு வகுப்புக்கு வெளியே

நன்னூலின் பாயிரத்தில் கல்வியைக் கால் காலாகப் பங்கிட்டுக் காட்டும் ஓர் இடம் உண்டு. ஆசிரியர் சொல்வதை ஒரு மாணவன் சிந்தாமல் சிதறாமல் வாங்கிக்கொண்டாலும் அவனுக்குக் கிடைப்பது காற்பங்குப் புலமைதான். உடன் படிப்பவர்களோடு பழகிப் பேசுவதில் இன்னொரு காற்பங்கு வரும். மீதி அரைப்பங்கு, கற்றதைப் பிறருக்குச் செவ்வையாக எடுத்துச் சொல்லும்போதுதான் வந்து சேரும் என்கிறார் பவணந்தி முனிவர். 13ஆம் நூற்றாண்டு நூல் இது. தமிழ் இலக்கியம் படிக்க வருகிற இளங்கலை மாணவர்கள் தொடக்கத்திலேயே இந்தப் பகுதியைப் படிக்கிறார்கள். மாணாக்கர் இலக்கணம் என்றும் பாடங்கேட்டலின் வரலாறு என்றும் தேர்வில் விடையும் எழுதுகிறார்கள். ஆனால் அவர்களுடைய அன்றாடம் அமைந்திருக்கும் விதத்தில் அந்த முதல் காற்பங்குக்கு மட்டுமே இடம் இருக்கிறது. மற்ற முக்கால் பங்கும் நடக்க வேண்டிய நேரம், இடம், வழக்கம் எதுவும் கல்லூரிக்குள் இல்லை. இன்றைய தமிழ் மாணவருக்கு மூலநூல் வாசிக்க வரவில்லை என்று குறைப்படுபவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இந்தக் குறையைத்தான் என்று நினைக்கிறேன்.

ஓர் அரசுக் கலைக் கல்லூரி மாணவரின் நாளைப் பார்ப்போம். பல கல்லூரிகளில் காலை ஷிப்ட், மாலை ஷிப்ட் என்று இரண்டு சுற்று. காலையில் வருபவர் மதியத்துக்குள் இடத்தைக் காலி செய்தாக வேண்டும். அதே பெஞ்சில் அடுத்த வகுப்பு உட்காரக் காத்திருக்கும். கிராமத்திலிருந்து டவுன் பஸ்ஸில் வரும் பெண்களுக்கு அந்தப் பஸ்ஸின் நேரம்தான் கல்லூரி நேரம். மதியத்துக்கு மேல் ஆண் பிள்ளைகளில் பலர் ஜவுளிக் கடைக்கோ மொபைல் கடைக்கோ வேலைக்குப் போகிறார்கள். முகூர்த்த நாளில் கேட்டரிங்கில் பரிமாறப் போகிறார்கள். அரசுப் பள்ளியில் படித்து வந்த மாணவிகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் 2022 முதலும், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் 2024 முதலும் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. பெரிய உதவிதான், சந்தேகமில்லை. எனினும் வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரிக்கு வந்த பிள்ளையின் தலையில் இருக்கும் சம்பாத்தியப் பொறுப்பை அது முழுதும் இறக்கிவைப்பதில்லை. ஆக, புத்தகத்தோடு உட்காரும் நேரம் என்பது இவர்களுக்குத் தானாகக் கிடைக்காது. யாராவது ஒதுக்கித் தர வேண்டும்.

பாடத்தின் அளவோ இதற்கு நேர்மாறானது. தொல்காப்பியம் மட்டும் மூன்று அதிகாரம், அதிகாரத்துக்கு ஒன்பதாக 27 இயல்கள். இளம்பூரணர், சேனாவரையர், பேராசிரியர், நச்சினார்க்கினியர் என்று உரையாசிரியர்கள் ஒருவரோடொருவர் மாறுபட்டு நிற்கும் நூல் அது. அதோடு யாப்பருங்கலக் காரிகை, தண்டியலங்காரம், சங்க இலக்கியம், காப்பியம், பக்தி இலக்கியம், சிற்றிலக்கியம், நாவல், சிறுகதை, மொழியியல், கல்வெட்டியல், நாட்டார் வழக்காற்றியல். ஒரு செமஸ்டருக்குச் சுமார் 90 வேலைநாள்; அதில் இன்டர்னல் தேர்வும் விழாவும் விடுமுறையும் போக மிஞ்சுவது குறைவு. ஒவ்வொரு தாளும் ஐந்து அலகாக வெட்டப்பட்டிருக்கும். ஆசிரியர் அலகை முடித்தாக வேண்டும், மாணவர் அரியர் இல்லாமல் தேற வேண்டும். இந்த நெருக்கடியில் பிறப்பதுதான் நோட்ஸ். மூத்த மாணவர் எழுதியது இளையவருக்கு ஜெராக்ஸாக வந்த காலம் போய், இப்போது வாட்ஸ்அப் குழுவில் பிடிஎஃப் ஆக வருகிறது. மாணவரைச் சோம்பேறி என்று திட்டுவது எளிது. ஆனால் கிடைத்த நேரத்துக்கும் கேட்கப்படும் கேள்விக்கும் பொருத்தமான வழியைத்தான் அவர் தேர்ந்தெடுத்திருக்கிறார்.

நோட்ஸில் என்ன தொலைகிறது என்பதை ஒரே ஒரு பாட்டை வைத்துப் பார்க்கலாம். குறுந்தொகையின் 40ஆம் பாட்டு, செம்புலப்பெயல்நீரார் பாடியது, ஐந்தே அடி. நோட்ஸில் அது இப்படி இருக்கும்: திணை குறிஞ்சி, தலைவன் கூற்று, உவமை, செம்மண்ணில் பெய்த மழைநீர், அந்த உவமையாலேயே புலவர் பெயர் பெற்றார். எல்லாம் சரி. தேர்வுக்கு நான்கு ஒரு மதிப்பெண் விடைகள் தயார். இதே பாட்டை நான்கு பேர் உட்கார்ந்து வாய்விட்டு வாசித்தால் என்ன ஆகும்? முதல் மூன்றடியும் கேள்விகளாக இருப்பது காதில் விழும். தாய்மாருக்குள் என்ன உறவு, தந்தையருக்குள் என்ன உறவு, நாம் இருவரும் எப்படி அறிமுகம் என்று கேட்டுக்கொண்டே போகிறவன், உறவும் பழக்கமும் இல்லாததை அடுக்கிவிட்டுக் கடைசியில் ஒன்றை மட்டும் உண்டு என்கிறான். ஏன் அப்படிப் பேச வேண்டும்? பாட்டின் கீழுள்ள கூற்றுக் குறிப்புக்குத் திரும்பினால் விடை இருக்கிறது. கூடிய பின் இவன் பிரிந்துபோய்விடுவானோ என்று அவள் அஞ்சுகிறாள்; அந்த அச்சத்தை அவளிடம் கண்டுதான் இவன் பேசுகிறான். அப்படியானால் இது வியப்பா, சமாதானமா, உறுதிமொழியா? மண்ணில் கலந்த தண்ணீர் கொஞ்ச நேரம் நின்றால் தெளிந்துவிடுமே என்று ஒருத்தி கேட்பாள். தெளிந்த பிறகு அது பெய்தபோது இருந்த தண்ணீர்தானா என்று இன்னொருவர் மடக்குவார். இங்கே இலக்கணமும் வந்து நிற்கும். நெஞ்சம் என்ற பெயரில் பன்மை விகுதி கிடையாது. இரண்டு நெஞ்சங்கள் என்பதை வினைமுற்றுத்தான் காட்டுகிறது. பால்பகா அஃறிணைப் பெயர் என்று காலை வகுப்பில் மனப்பாடம் செய்த விதி, மாலையில் ஒரு காதலனின் வாயில் வேலை செய்வதை அந்த நால்வரும் கண்ணால் பார்த்துவிடுவார்கள். அதே வினைமுற்று இறந்தகாலத்தில் இருக்கிறது. இனிமேல் கலக்கும் என்று அவன் வாக்குக் கொடுக்கவில்லை, கலந்தாயிற்று என்கிறான். அரை மணி நேர வேலை இது. இலக்கணத் தாள், இலக்கியத் தாள் என்று பிரிந்து கிடந்தவை அந்த அரை மணியில் ஒன்றாகின்றன.

பவணந்தியார் சொன்ன பங்கீடு ஏட்டுச் சுரைக்காய் அல்ல என்பதற்குத் தமிழ்ப் பதிப்பு வரலாற்றிலேயே சான்று இருக்கிறது. உ.வே.சாமிநாதையர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் 1871 முதல் 1876இல் ஆசிரியர் மறையும்வரை பாடம் கேட்டவர். அந்தக் காலத்தில் அதைவிடச் சிறந்த ஆசிரியர் ஒருவருக்கு வாய்த்திருக்க முடியாது. அப்படிப்பட்டவர் 1880இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்தபோது, முன்சீபாக வந்த சேலம் இராமசாமி முதலியார் என்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்க, அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை என்று நீண்ட பட்டியலைச் சொன்னார். சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்ற அடுத்த கேள்விக்கு அவரிடம் விடை இல்லை. பிறகு அந்த நூலை அவர் எப்படிக் கற்றார் என்பதுதான் நமக்கு வேண்டியது. கற்பிக்க ஆசிரியர் எவரும் இல்லை. கையெழுத்துப் பிரதியை வைத்துக்கொண்டு முதலியாருக்கே பாடம் சொல்லத் தொடங்கினார். சொல்லச் சொல்லத் தமக்கு எங்கெங்கே விளங்கவில்லை என்பது விளங்கியது. நச்சினார்க்கினியர் உரையோடு மல்லுக்கு நின்றார். கும்பகோணத்துச் சைன வீடுகளில் அந்நூலை வழிவழியாக வாசித்து வந்தவர்களிடம் போய்ச் சந்தேகம் கேட்டார். 1887இல் சிந்தாமணி அச்சாகி வெளிவந்தது. ஆசிரியரிடம் கேட்ட காற்பங்கு அவருக்கு அடித்தளமாக இருந்தது. புத்துயிர் பெற்ற அந்த நூல் மற்ற முக்கால் பங்கில் விளைந்தது.

இங்கே ஒரு மறுப்பு எழும், அது நியாயமானது. பழைய பாடங்கேட்டல் முறையைப் போற்றுவது, கல்வி சிலருக்கு மட்டுமே இருந்த காலத்தைப் போற்றுவது ஆகாதா? திண்ணையிலும் மடத்திலும் யார் உட்கார முடிந்தது, யார் வாசலுக்கு வெளியே நின்றார்கள் என்பது தெரியாத செய்தியல்ல. இன்று தமிழ் எம்.ஏ. வகுப்பில் இருக்கும் பெண்களில் ஒருவருக்குக்கூட அன்று இடம் இருந்திருக்காது. ஆண்களிலும் பெரும்பாலோருக்குக் கிடையாது. அந்தக் கதவைத் திறந்தது செமஸ்டரும் பாடத்திட்டமும் மதிப்பெண்ணும் உள்ள நவீனக் கல்லூரிதான். அதை விட்டுக்கொடுக்க எவருக்கும் உரிமை இல்லை. ஆனால் நன்னூலின் பங்கீட்டை ஊன்றிப் பார்த்தால், அது குருவை உயர்த்திப் பேசும் இடமே அல்ல. குருவின் பங்கைக் காலாகக் குறைத்து, சக மாணவருக்கும் பேசும் வாய்க்கும் முக்காலைக் கொடுக்கிறது. நான்கு பேர் சேர்ந்து வாசிக்க மடம் வேண்டாம், குலம் வேண்டாம். கதவு திறந்த பிறகு உள்ளே வந்த பிள்ளைகளுக்கு, உள்ளே இருப்பதை எடுத்துக்கொள்ளும் வழியையும் தர வேண்டாமா? முதல் தலைமுறை மாணவருக்குத்தான் இது இன்னும் அதிகமாகத் தேவை. வீட்டில் புத்தக அலமாரியும் பேச ஆளும் உள்ள பிள்ளை எப்படியும் படித்துக்கொள்ளும்.

அடுத்த மறுப்பு வேலையைப் பற்றியது, இதுதான் மாணவர்கள் வாயிலிருந்தே வருவது. நெட் தேர்வு, டிஆர்பி, டிஎன்பிஎஸ்சி எல்லாவற்றுக்கும் வேண்டியது குறிப்புகள்தானே. பாட்டைப் பற்றி அரை மணி நேரம் விவாதித்தால் மதிப்பெண் வருமா? பொய் சொல்லித் தேற்ற வேண்டியதில்லை. யுஜிசி நெட் தேர்வில் விரிவாக எழுதும் தாள் ஒன்று இருந்தது. 2012இல் அதுவும் கொள்குறி வகைக்கு மாறியது. 2018இல் தாள்கள் இரண்டாகக் குறைந்து, இப்போது மூன்று மணி நேரத்தில் 150 வினாக்கள். தேறி ஜேஆர்எஃப் கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய்; தமிழ் படித்த ஏழை மாணவருக்கு அது வாழ்க்கையையே மாற்றும் தொகை. டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வில் 200 வினாக்களில் 100 தமிழ்ப் பகுதி. இவற்றுக்காக நூலகத்தில் இரவு வரை உட்கார்ந்து நூல், ஆசிரியர், காலம் என்று உருப்போடும் மாணவரைக் குறைத்துப் பேச மாட்டேன். நோட்ஸை மட்டும் வைத்து இத்தேர்வுகளில் தேறவும் முடியும். ஆனால் தேறிய பின் நடப்பது என்ன? அந்த இளைஞர் ஒரு பள்ளியில் முப்பது நாற்பது பிள்ளைகள் முன் நிற்கிறார். அங்கே நான்கு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க யாரும் சொல்வதில்லை. ஏன் சார் இப்படிப் பாடியிருக்காங்க என்று ஏழாம் வகுப்புப் பிள்ளை கேட்கிறது. எடுத்துச் சொல்லும் திறமை ஒன்றுதான் ஆசிரியத் தொழிலின் மூலதனம். ஐந்து வருடப் பட்டப்படிப்பில் அதற்கு ஒரு நாள்கூடப் பயிற்சி கிடைக்கவில்லை என்றால், இழப்பு அவரோடு நிற்காமல் அடுத்த தலைமுறைக்கும் போகிறது. மெய்ப்புத் திருத்துபவர், செய்தி ஆசிரியர், வசன உரை எழுதுபவர் என்று தமிழ் படித்தவர் போகும் மற்ற வேலைகளிலும், ஒரு வாக்கியத்தின் முன் நின்று இது சரியா என்று யோசிக்கும் பழக்கத்துக்குத்தான் சம்பளம்.

நேரம் எங்கே என்பது மூன்றாவது கேள்வி. மாலையில் கூடுங்கள் என்று சொல்வது பயனற்ற அறிவுரை. கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டிய பெண்ணையும் கடைக்குப் போக வேண்டிய பையனையும் அது விலக்கிவிடும். விடுதி மாணவர்கள் மட்டும் வாசிக்கும் வட்டமாக அது சுருங்கும். ஆகவே இது கால அட்டவணைக்குள் வர வேண்டும். நாமக்கல்லில் பெருமாள்முருகன் அரசுக் கல்லூரித் தமிழாசிரியராக இருந்தபோது மாணவர்களோடு நடத்திவந்த ‘கூடு’ ஆய்வுச் சந்திப்பு போன்றவை என்ன செய்ய முடியும் என்பதைக் காட்டியிருக்கின்றன. ஆனால் அவை ஓர் ஆசிரியரின் தனி முயற்சியில் நடப்பவை. அவர் மாறுதலாகிப் போனால் நின்றுவிடக் கூடியவை. வாரத்தில் ஒரு மணி நேரம், கேள்வித்தாள் கிடையாது, நோட்ஸ் கிடையாது, மூலநூல் மட்டும் என்று துறையே ஒதுக்கினால் அது யாருடைய தயவிலும் நிற்காது. நூல் வாங்கப் பணம் வேண்டும் என்ற தடையும் இப்போது பெரும்பாலும் விலகிவிட்டது. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டமும் தமிழ் இணையக் கல்விக்கழகமும் சங்க இலக்கியம் முதல் சிற்றிலக்கியம் வரை இலவசமாகத் தருகின்றன. நோட்ஸ் பிடிஎஃப் வருகிற அதே போனில் மூலமும் இருக்கிறது.

மதிப்பெண் இல்லாத எதற்கும் மாணவர் வரமாட்டார் என்பார்கள். சரி, மதிப்பெண்ணே கொடுக்கலாம். பல பல்கலைக்கழகங்களில் ஒரு தாளின் 100 மதிப்பெண்ணில் 25 இன்டர்னலுக்குப் போகிறது. அதில் ஒரு பகுதி கட்டுரை ஒப்படைப்புக்கு. அந்த ஒப்படைப்பு எங்கிருந்து நகலெடுக்கப்படுகிறது என்பது கொடுப்பவருக்கும் தெரியும், வாங்குபவருக்கும் தெரியும். அதற்குப் பதில், இரண்டாமாண்டு மாணவர் ஒவ்வொருவரும் ஒரு பாட்டை எடுத்துக்கொண்டு முதலாண்டு வகுப்பில் போய்ப் பத்து நிமிடம் விளக்கட்டும். கேட்பவர்கள் கேள்வி கேட்கட்டும். ஆசிரியர் பின் பெஞ்சில் உட்கார்ந்து மதிப்பெண் போடட்டும். பேச வராத பிள்ளைக்கு முதல் முறை நடுங்கும், மூன்றாம் முறை நடுங்காது. வேறு பாடம் கிடைக்காமல் தமிழுக்கு வந்தேன் என்று முகம் வாடி உட்கார்ந்திருக்கும் மாணவரும், தன் வாயால் விளக்கிய பாட்டைத் தனதாகவே நினைப்பார். குறுந்தொகையில் கடவுள் வாழ்த்து நீங்கலாக 401 பாடல்கள். பாடத்திட்டத்தில் வைக்கப்படுவது அதில் சில. 40 பேர் உள்ள வகுப்பில் ஆண்டொன்றுக்கு ஆளுக்கு மூன்றோ நான்கோ பாட்டு என்று எடுத்துக்கொண்டால், மூன்றாண்டுப் படிப்பு முடிவதற்குள் குறுந்தொகை முழுவதும் அந்த வகுப்பறையில் வாய்விட்டு வாசிக்கப்பட்டிருக்கும்.