நடு ஏரியில் கொதிக்குது, உதறுது! பழைய படகு என்ஜினில் முதலில் எதைப் பார்க்கணும்?

எமரால்டு:

காய்கறி மூட்டையோடு மேடு ஏறும் பழைய ஜீப், பாதி வழியில் பானட்டைத் தூக்கிக்கிட்டு புகைவிட்டு நிற்பதைப் பார்க்காத ஆள் எமரால்டு பக்கம் கிடையாது. டயருக்கு கல் வைத்து, ஓடைத் தண்ணீரை மொண்டு வந்து, ஆறவிட்டு ஊற்றினால் எப்படியோ கிளம்பிடும்.

படகு கதை வேறு. நடு ஏரியில் என்ஜின் நின்றால் எங்கே கல் வைப்பது? உள்ளே குழந்தை குட்டியோடு சுற்றுலா வந்தவர்கள் இருப்பார்கள். காற்று தள்ளுகிற பக்கம் படகு போகும்.

ஜான் சல்லிவன் 1824-ல் உருவாக்கிய ஊட்டி ஏரியிலும், பைக்காராவிலும் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் மோட்டார் படகு விடுகிறது. மோட்டார் படகில் ரெண்டு ரகம். என்ஜின் பின்னால் தொங்கினால் அவுட்போர்டு. படகின் வயிற்றுக்குள் உட்கார்ந்திருந்தால் இன்போர்டு. இந்த இன்போர்டு பழசானால் ரெண்டு புகார் ஜோடியாக வரும். ஹீட் ஏறுது, ஸ்லோவில் விட்டால் உதறுது.

தண்ணி துப்புதா?

பெரும்பாலான இன்போர்டில் ரேடியேட்டர் கிடையாது. ஏரித் தண்ணீரையே உறிஞ்சி, என்ஜினைக் குளிர வைத்து, புகைக்குழாய் வழியாக வெளியே துப்பும். அதனால் ஸ்டார்ட் பண்ணியதும் பின்பக்கம் எட்டிப் பாருங்க. தண்ணி நன்றாகத் துப்பினால் பாதி கவலை தீர்ந்தது. சொட்டு சொட்டாக வந்தாலோ, வெறும் ஆவியாக வந்தாலோ உடனே என்ஜினை நிறுத்துங்க.

அடைப்பு அநேகமாக உறிஞ்சும் வாயில்தான் இருக்கும். கோடப்பமந்து கால்வாய் வழியாக ஊட்டி ஏரிக்கு கழிவும் மண்ணும் வந்தது ஊரறிந்த விஷயம். ஆகாயத்தாமரை வேர், பிளாஸ்டிக் கவர் எது வேண்டுமானாலும் வாயை அடைக்கும். வடிகட்டியைக் கழற்றி கழுவணும்.

அடுத்தது தண்ணி பம்புக்குள் இருக்கும் ரப்பர் இம்பெல்லர். தண்ணீர் இல்லாமல் சில நிமிடம் சுற்றினாலே இதன் இறக்கை பிய்ந்துவிடும். புதுசு மாட்டினால் மட்டும் போதாது. பிய்ந்த துண்டு எங்கே போனது என்று தேடணும். அது உள்ளே குழாயில் சிக்கிக்கொண்டால் புது இம்பெல்லர் போட்டும் ஹீட் குறையாது. இதைத் தேடாமல் விட்டுத்தான் பலர் ரெண்டு முறை செலவு செய்கிறார்கள். பெல்ட், உப்பிப்போன ஹோஸ், திறக்காத தெர்மோஸ்டாட் எல்லாம் அதற்குப் பிறகு.

மலையில் 93 டிகிரியே கொதிநிலை

கீழே 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர், சுமார் 2,000 மீட்டர் உயரத்தில் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதனால் சமவெளியில் தாங்குகிற சூடு இங்கே தாங்காது. சில படகில் ரேடியேட்டர் மாதிரி மூடி போட்ட தனித் தண்ணீர் சுற்று இருக்கும். அந்த மூடியின் ரப்பர் போயிருந்தால் கொதி சீக்கிரமே வந்துவிடும். சூட்டோடு அந்த மூடியைத் திறக்காதீங்க, முகம் வெந்துடும்.

உதறலுக்கும் உயரம் ஒரு காரணம். இங்கே காற்றின் அடர்த்தி சமவெளியைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கீழே டியூன் பண்ணிய கார்புரேட்டர் அதே பெட்ரோலைத் தள்ளும். காற்று பத்தாது. பிளக் கரி பிடிக்கும், ஸ்லோவில் மிஸ்சிங் அடிக்கும். சரி என்று பெட்ரோலை ரொம்பக் குறைத்தால் அதுவும் தப்பு, என்ஜின் சூடாகி அப்போதும் உதறும். பிளக் முனை கருப்பும் இல்லாமல் வெளுப்பும் இல்லாமல் செங்கல் பழுப்பில் இருந்தால் அளவு சரி. டைமிங் பின்தங்கினாலும் சூடும் உதறலும் சேர்ந்தே வரும்.

இன்னொன்று பனி. இரவில் பாதி காலியான டேங்கில் ஈரம் படிந்து பெட்ரோலில் தண்ணி சேரும். இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலந்து வருவதால் ஈரத்தை இன்னும் வேகமாக இழுக்கும். சாயங்காலமே டேங்கை நிரப்பி வைப்பது நல்லது. டீசல் என்ஜின் என்றால் ஃபில்டர் அடைப்பையும், டீசல் குழாயில் காற்று புகுந்ததையும் பாருங்க.

உஷார்!

ஆயில் குச்சியை இழுத்துப் பாருங்க. பால் டீ நிறத்தில் ஆயில் வந்தால் தண்ணீர் உள்ளே கலந்துவிட்டது. ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம். அந்த என்ஜினை மறுபடி ஸ்டார்ட் பண்ணக் கூடாது. வேறு படகில் கயிறு கட்டித்தான் கரைக்கு இழுக்கணும்.

பெட்ரோல் ஆவி காற்றைவிட கனம். படகின் அடியில் தேங்கி நிற்கும். ஒரு தீப்பொறி போதும். என்ஜின் மூடியைத் திறந்து, ஊதும் ஃபேனை நாலைந்து நிமிடம் ஓடவிட்டு, மூக்கால் முகர்ந்து பார்த்த பிறகே சாவியைத் திருப்பணும். பக்கத்தில் பீடி பிடிக்கிறவரை முதலில் கரைக்கு அனுப்புங்க.